நீ பார்த்தது வேலை

திருமானூர் பஸ் நிறுத்தத்தில், டீக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே, உன் முகத்தைப் பெரிதாக அச்சடித்துக் கட்டியிருக்கிறார்கள். அரியலூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். புது ஃபிளெக்ஸின் ரப்பர் வாடை வெயிலில் குப்பென்று முகத்தில் அடித்தது. நிமிர்ந்து பார்த்தால் நீ. கை கூப்பியபடி நிற்கிறாய். எந்தக் காலத்தில் நீ அப்படிக் கை கூப்பினாய்? வேறு யாருடைய உடம்பிலோ உன் தலையை ஒட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒற்றைக் காலில் ஒரு பூநாரை. நம் ஏரியில் பூநாரையை நீயும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு எழுத்தில், 'பறவைகளின் தாய்! தன்னலமற்ற சேவைச் செம்மலுக்குக் கண்ணீர் அஞ்சலி!'

எனக்குக் கண்ணீர் வரவில்லை. கோபம்தான் வந்தது.

"டீச்சர், உங்க கூட்டாளிதானே?" என்றார் டீக்கடைக்காரர். "பெரிய மனுசிங்க. கடைசி வரைக்கும் நிரந்தரச் சம்பளமே வாங்காம சேவை செஞ்சாங்களாமே!"

"வாங்காம இல்லீங்க. குடுக்கல," என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டம்ளர் கழுவப் போனார். அரியலூர் பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை. இந்த எழுபது வயதில், அந்த ஃபிளெக்ஸைக் கிழித்துப்போட எனக்குக் கை எட்டுமா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். "வுடுடி, நல்ல பேருதானே போட்டிருக்கான்," என்பாய். உன்னிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம் அந்தச் சிரிப்புதான். அதை உன்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

திருச்சி கல்லூரியில் விலங்கியல் வகுப்பின் முதல் நாள் உனக்கு நினைவிருக்கும். எழுபதுகளின் நடுப்பகுதி. படித்து என்ன ஆகப்போகிறீர்கள் என்று பேராசிரியர் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். டீச்சர், பேங்க், டீச்சர், நர்ஸ் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தோம். குரும்பலூரில் கொஞ்சம் மானாவாரி நிலத்தில் சோளமும் பருத்தியும் போடுகிறவரின் மகள் நான். டீச்சர் என்று சொல்வதற்கே எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நீ எழுந்து, "காட்டு இலாகாவுல ரேஞ்சர் ஆவணும் சார்," என்றாய். வகுப்பே சிரித்தது.

"ஏம்மா, மிருகம், பறவைன்னா ரொம்பப் புடிக்குமோ?" என்று அவரும் சிரித்தபடி கேட்டார்.

"புடிக்கும் சார். ஆனா எனக்கு அது உத்தியோகமா வேணும்."

அன்று மாலை விடுதி மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது காரணம் சொன்னாய். திருமானூருக்குப் பக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டிய காலனி உன்னுடையது. சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் கூலி வேலை. ஊர்ப் பெரிய பண்ணையாரின் மகன் ஞாயிற்றுக்கிழமைதோறும் துப்பாக்கியோடு ஏரிக்கு வந்து பறவைகளைச் சுடுவான். விழுந்ததைத் தண்ணீரில் இறங்கி எடுத்து வரும் வேலை உங்கள் தெரு ஆண்களுக்கு. மாட்டேன் என்று சொல்ல ஆள் கிடையாது. வேட்டைக்கு எதிராகப் புதுச் சட்டம் வந்திருந்த சமயம், ஒரு ரேஞ்சர் ஜீப்பில் வந்து இறங்கினார். மெலிந்த மனிதர், சத்தம் போடாமல் பேசினார். பண்ணையார் மகன் துப்பாக்கியை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தலை குனிந்து நின்றான்.

"எங்க தெருவுல யாரு கெஞ்சினாலும் கேக்காத ஆளுடி அவன். அந்தக் காக்கிச் சட்டைகிட்ட எப்படிக் குடுத்தான் தெரியுமா? அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்," என்றாய்.

இதை யாராவது அந்த ஃபிளெக்ஸில் எழுதுவார்களா? உனக்கு வேண்டியிருந்தது அதிகாரம். பண்ணையார் மகன் நீட்டிய துப்பாக்கியை வாங்கிக்கொள்ளும் கை உன் கையாக இருக்க வேண்டும் என்று நீ விரும்பினாய். தாயாகவேண்டும் என்று நீ என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

பட்டம் வாங்கிய கையோடு நாம் இருவரும் திருச்சியில் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். ரேஞ்சர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் விளம்பரம் வந்திருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா உன்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆம்பளைங்களுக்கு மட்டும்தாம்மா. மார்பளவு எடுப்பாங்க. மூச்சை இழுத்து விரிச்சுக் காட்டணும். நீ வந்து நிப்பியா?"

சொல்லிவிட்டு உள்ளே திரும்பி, "இங்க வந்து பாருங்கய்யா, பொம்பள ரேஞ்சர்!" என்று கூப்பிட்டார். இரண்டு மூன்று பேர் எழுந்து வந்து பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அந்த ஜன்னல் கம்பியைப் பிடுங்கி எறியவேண்டும் போல் இருந்தது. நீ அவர்கள் சிரித்து முடிக்கும் வரை நின்றாய். பிறகு நிதானமாக, "அடுத்த விளம்பரம் எப்ப சார் வரும்?" என்று கேட்டாய்.

சத்திரம் பஸ் நிலையம் வரை நான் பொருமிக்கொண்டே வந்தேன். நீ வேர்க்கடலைப் பொட்டலத்தை என் கையில் திணித்து, "ஒருநாள் பொம்பளைங்களையும் எடுப்பாங்கடி. எனக்கு வயசு தாண்டறதுக்குள்ள எடுக்கணும், அவ்வளவுதான்," என்றாய்.

நான் பி.எட். முடித்துப் பெரம்பலூரில் அரசுப் பள்ளியில் சேர்ந்தேன். நீ ஊருக்குப் போய் உங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாய். நடவு நேரத்தில் அம்மாவோடு வயலில் இறங்கினாய். "டிகிரி முடிச்ச பொண்ணு நாத்து நடுது பாரு" என்று வரப்பில் நின்று பேசியவர்களுக்கும் உன் பதில் சிரிப்புதான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கதவு கொஞ்சம் திறந்தது. ஊர்ப் பொது நிலங்களிலும் ஏரிகளிலும் மரம் வளர்க்கும் அரசுத் திட்டத்துக்கு ஊர்மட்டத்தில் பணியாளர்கள் எடுத்தார்கள். பெண்களும் சேரலாம். படிப்புக்குச் சம்பந்தமில்லாத சின்ன வேலை, ஆண்டுக்கொருமுறை நீட்டிப்பு. ஆனாலும் சேர்ந்தாய். பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றை வாங்கி, ஊர் ஊராகப் போய்ப் புங்கங்கன்றும் வேம்பும் கொடுத்தாய்.

உங்கள் ஏரிக்குள் வெகுகாலம் முன்பே வைத்திருந்த கருவேல மரங்கள் அப்போது நன்றாக வளர்ந்து நின்றன. மேட்டூர்த் தண்ணீரும் ஐப்பசி மழையும் சேர்ந்து ஏரி நிரம்பினால் மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். நத்தைக்குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் நீர்க்காகமும் கொக்கும் அவற்றில் வந்து கூடு கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கரைமேல் கூட்டிப்போய் நிறுத்தினாய். மரமெல்லாம் எச்சத்தால் வெளுத்துக் கிடந்தது. குஞ்சுகளின் கத்தலில் நீ பேசுவது எனக்குக் கேட்கவில்லை. அழுகின மீன் நாற்றம் வேறு.

"எப்படி இருக்கு?" என்று காதருகே கத்தினாய்.

"நாறுது!"

"இதான்டி என் ஆபீஸ்!"

அந்த முகத்தை மட்டும் அந்த ஃபிளெக்ஸ்காரன் பார்த்திருக்கவேண்டும்.

ஒரு வருஷம் காட்டு இலாகாவே அந்த மரங்களை ஏலம் விட்டது. மாசி மாதம், கூடுகளில் இன்னும் இறகு முளைக்காத குஞ்சுகள். நீ வேண்டாம் என்று, அப்போது புதிதாக வந்திருந்த வேறொரு ரேஞ்சரிடம் மூன்று முறை நேரில் போய்ச் சொல்லியும், அவர் மேலிடத்து உத்தரவு என்று கையை விரித்துவிட்டார். நான் உன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு காலையில் கோடாரிச் சத்தம் கேட்டது. ஓடினோம். ஏலம் எடுத்தவரின் மேஸ்திரி கரையில் குடை பிடித்து நின்றிருந்தான். ஆண்கள் வெட்ட, பெண்கள் கிளை கழித்துக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகிற விறகு. கிளை கழித்தவர்களில் பாதிப் பேர் உங்கள் தெருப் பெண்கள். அரிவாளோடு முழங்கால் சேற்றில் நின்றவர்களில் உன் அம்மாவும் ஒருவர்.

நீ புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாய். "அம்மா, மேல வா. இத வெட்டக் கூடாது."

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தை அறுப்பு முடிஞ்சதுலேர்ந்து வேலை இல்ல. வந்த கூலியையும் கெடுக்கப் போறியா? ஒன் சம்பளத்துலயா இந்தத் தெரு பூராவும் கஞ்சி குடிக்குது?"

பறவை மேல் அன்பு வைக்கச் சொல்லி நீ பிரசங்கம் செய்யவில்லை. அப்படிச் செய்திருந்தால் அம்மா அரிவாளாலேயே விரட்டியிருப்பார். அதற்குள் நமக்குப் பக்கத்தில் ஒரு மரம் சரிந்தது. கூடுகள் குப்புறக் கவிழ்ந்தன. குஞ்சுகள் சேற்றில் விழுந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. உன் அம்மாவின் காலடியிலேயே ஒன்று. அவர் காலை எடுத்தார், வைக்க இடம் தேடினார். எங்கே வைத்தாலும் குஞ்சு.

"ஏன்டா மேஸ்திரி, பச்சப்புள்ளைங்களா கெடக்குது. நாங்க மிதிச்சுக்கிட்டே கிளை கழிக்கணுமா?" என்று அவர் கத்திய நேரத்தில்தான் நீ வாயைத் திறந்தாய்.

"வடகரை மரத்துல கூடே கெடையாது. நேத்துதான் சுத்திப் பாத்துட்டு வந்தேன். அங்க வெட்டுங்க, ஒரு ஆளுக்கும் கூலி போவாது. அது முடியறதுக்குள்ள இதுங்க பறந்துடும். அப்புறம் இத வெட்டிக்கட்டும்."

"வடகரையில எல்லாம் குச்சிக் குச்சியா நிக்கிது. எனக்குக் கட்டுப்படி ஆவாது. நீ யாரு சொல்றதுக்கு?" என்றான் மேஸ்திரி.

உன் அம்மா அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு கரையேறி உட்கார்ந்தார். "வடகரைன்னா வரோம். இல்லன்னா நீயே எறங்கிக் கழிச்சுக்க," என்றார். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக மேலே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வெட்டுகிற ஆண்கள் கோடாரியை ஊன்றிக்கொண்டு மேஸ்திரியைப் பார்த்தார்கள். வெயில் ஏறியது. மதியத்துக்குள் அவன் வடகரைக்குப் போனான்.

உன் படிப்பு, உன் வேலை, உன் ஊர் மூன்றும் ஒன்றாக நின்ற காலை அது. கூலியும் போகவில்லை, மிச்சக் கூடுகளும் விழவில்லை. அப்படி ஒரு வழியைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவளைத்தான் வனத்துக்கு அதிகாரியாகப் போடவேண்டும். அவர்கள் என்ன செய்தார்கள்?

மறுநாள் ரேஞ்சர் வந்து, "யாரு உனக்கு அதிகாரம் குடுத்தது? ஏலம் எடுத்தவன் கேஸ் போட்டா உன் சீட்டுதான் மொதல்ல கிழியும்," என்று ஊர் நடுவில் வைத்துத் திட்டினார். ஆனால் அடுத்த வாரம் திருச்சியிலிருந்து ஒரு பத்திரிகை நிருபர் வந்து கூடுகளைப் படமெடுத்துப் போட்டார். உடனே ரேஞ்சரின் குரல் மாறிவிட்டது. வெட்டுவதை நிறுத்தியது தான்தான் என்று அவர் சொன்னது அச்சில் வந்தது. ஐப்பசியில் திருமானூரில் அவருக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். ரேஞ்சர் மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். உன்னைப் பட்டுப்புடவை கட்டி வரச்சொல்லி, வாசலில் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்புமாக நிறுத்தியிருந்தார்கள். நீ எனக்கும் பன்னீர் தெளித்தாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பெரிய அதிகாரி பேசி முடித்து உட்காரும் நேரம். நீ கிண்ணத்தை வாசல் நாற்காலியில் வைத்துவிட்டுக் கூட்டத்தின் நடுவே நடந்து மேடைக்கு முன்னால் போய் நின்றாய். இப்போது கேட்கப்போகிறாள், யார் நிறுத்தியது என்று கேட்கப்போகிறாள் என்று நானும் எழுந்து நின்றுவிட்டேன்.

"சார், ஒரு வேண்டுகோள். குஞ்சு பறந்து முடியற வரைக்கும் ஏரி மரத்த வெட்ட மாட்டோம்னு இங்க எல்லாரும் இருக்கறப்பவே சொல்லிட்டுப் போங்க சார். எந்த மாசம் வெட்டலாம்னும் சொல்லிடுங்க."

ரேஞ்சரின் முகம் செத்துப்போனது. ஜனங்கள் கை தட்டினார்கள். முன்வரிசையில் உன் அம்மா விரல் சொடுக்கித் திருஷ்டி கழித்தார். அதிகாரிக்கு வேறு வழியில்லை. எழுந்து, சித்திரைக்கு முன்னால் அந்த ஏரியில் கோடாரி விழாது என்று சொன்னார்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் நான் உன்னைப் பிடித்து உலுக்கினேன். "அந்த ஆளு பொய்யின்னு சொல்லியிருக்கலாமே! அவ்வளவு பேர் முன்னாடி!"

"பேர அவரு வச்சுக்கட்டும்டி. எனக்குத் தேதி வேணும். வாங்கிட்டேன்ல?"

அன்றைக்கு நான் தோற்றுப்போன மாதிரி வாயை மூடிக்கொண்டேன். இன்று சொல்கிறேன். தேதியையும் கேட்டிருக்கலாம், பேரையும் கேட்டிருக்கலாம். இரண்டும் உன்னுடையவைதான். பேர் வேண்டாம் என்று நீ விட்டுக்கொடுத்த இடத்தில்தான் அவர்கள் உன் உத்தியோகத்தையும் உருவிக்கொண்டார்கள்.

அடுத்த நீட்டிப்பில் உன்னோடு சேர்ந்த மற்றவர்களுக்கெல்லாம் ஆர்டர் வந்தது. உனக்கு வரவில்லை. விசாரிக்கப் போனபோது நானும் கூட வந்தேன். ரேஞ்சர் நம்மை உட்காரச் சொல்லவில்லை. உன்னைப் பார்த்துக் குழைவாகச் சொன்னார்:

"இங்க பாரும்மா, உன்ன மாதிரி மனசு இருக்கறவங்களுக்கு வேலை எதுக்கு? நீ செஞ்சது சேவை. சேவைக்கு யாராச்சும் ஆர்டர் கேப்பாங்களா?"

உன் முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அந்த ஒரே முறைதான்.

"சேவைன்னா அத நீங்க செய்யுங்க சார். நான் வேலைக்கு வந்தேன்."

சொல்லிவிட்டு வெளியே வந்தாய். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைவீதி முழுக்க எனக்கு முன்னால் வேகமாக நடந்தாய்.

ஆனாலும் நீ விடவில்லை. கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டும் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்தாய். உப்பங்கழியில் நடந்து நடந்து உன் குதிகால் வெடித்திருந்ததைப் பள்ளி விடுமுறையில் நான் அங்கே வந்தபோது பார்த்தேன். அந்தத் திட்டம் முடிந்ததும் இன்னொன்று, அது முடிந்ததும் மற்றொன்று. ஆராய்ச்சிக் கட்டுரையில் பெயர் விஞ்ஞானிகளுடையது, நன்றி சொல்லும் வரியில் நீ. ஒருநாள் பெரம்பலூருக்கு என் பள்ளிக்கே நேரில் வந்தாய். வகுப்பறை வாசலில் நின்று, "வந்துடுச்சுடி. ரேஞ்சருக்குப் பொம்பளைங்களும் எழுதலாமாம்," என்றாய்.

"உனக்கு வயசு?"

"தாண்டிடுச்சு," என்று சிரித்தாய். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்ததால் நான் அழவில்லை. அன்று உன் சிரிப்பின் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. நீ ஒரு முறையாவது அந்தக் கதவை எட்டி உதைத்திருக்க வேண்டும்.

போன மாசம் சிறுநீரகம் கெட்டு உன்னைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது உனக்குப் பென்ஷன் இல்லை, காப்பீடு இல்லை. உன் தம்பியும் நானும் மாறி மாறி இருந்தோம். நர்ஸ் என்னிடம், "அம்மா என்ன வேலை பாத்தாங்க?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து நீ சொன்னாய்: "பாத்தாங்க இல்லம்மா. பாக்கறேன். பறவை வேலை." அங்கிருந்து நீ உயிரோடு வீடு திரும்பவில்லை.

உன் ஏரியில் இப்போதும் சித்திரைக்கு முன்னால் யாரும் கோடாரி வைப்பதில்லை. அது யார் வாங்கிய வாக்கு என்று கேட்டால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சேவை என்கிறார்கள்.

கோபத்தை விட்டுவிடு, உடம்புக்கு ஆகாது என்று என் மகள் சொல்கிறாள். நான் விடுவதாக இல்லை. நேற்று கரும்பு வெட்டப் போகிற ஓர் அம்மா, உங்கள் பக்கத்து ஊர்க்காரர், விலாசம் விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அவர் மகள் வனத்துறைத் தேர்வு எழுதியிருக்கிறாளாம். நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார்:

"பொண்ணு காட்டு வேலைக்குத்தான் போவேங்கறா டீச்சர். அந்த வேலையில என்னங்க கெடைக்கும்?"

புண்ணியம் கிடைக்கும், பெருமை கிடைக்கும் என்று சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"சம்பளம் கெடைக்கணும். பேரு கெடைக்கணும். வயசானா பென்ஷன் கெடைக்கணும். அதுல ஒண்ணு கொறைஞ்சாலும் என்கிட்ட வாங்க. எனக்கு முட்டி வலி, மாடிப்படி ஏற முடியாது. ஆனா அந்த ஆபீஸ் எத்தனை மாடியில இருந்தாலும் நான் ஒங்க கூட ஏறி வரேன்."